பாலைக் காத்த தகடுகள்

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம் வரும். கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வழிநெடுகத் தொழிற்சாலைகள்தான். அவற்றுக்குள்ளே சத்தமே போடாமல் வேலை செய்யும் ஒரு கருவி உண்டு. தடிமனான புத்தகத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். மூலைகளில் நான்கு குழாய் வாய்கள். சுழலும் பாகம் எதுவும் கிடையாது. இயந்திர எண்ணெயின் சூட்டைத் தணிப்பது, பெயின்ட் தொட்டியை ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பது, ஏ.சி.க்குக் குளிர்ந்த நீர் தருவது என்று இதற்குப் பல வேலைகள்.

இதன் பெயர் தகட்டு வெப்பப் பரிமாற்றி. தொழிற்சாலையில் 'பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர்' என்பார்கள். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனமும் இத்தகைய கருவிகளைத் தயாரித்து உலகெங்கும் விற்கிறது. ஆனால் இது முதலில் கார் ஆலைக்காகவோ ஏ.சி.க்காகவோ பிறக்கவில்லை. பாலுக்காகப் பிறந்தது! அதை உருவாக்கியவர் ரிச்சர்ட் செலிக்மன். உணவு ஆலைப் பொறியாளர்களிடையே புகழ்பெற்ற பெயர் இது.

செலிக்மன் 1878-ஆம் ஆண்டு பிறந்தார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வங்கி நடத்திப் புகழ்பெற்ற செலிக்மன் குடும்பத்தைச் சேர்ந்தவர். குடும்பத் தொழில் பணம். இவருக்குப் பிடித்ததோ உலோகம். வேதியியலும் உலோகவியலும் கற்று இங்கிலாந்தில் வாழ்ந்தார்.

அப்போது அலுமினியம் புது உலோகம். எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டவைப்பது பெரும்பாடு. ஏன் தெரியுமா? அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று படர்ந்திருக்கும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அந்தத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்! உள்ளே உலோகம் உருகி ஓடினாலும் தோல் விலகாது. அந்தத் தோலைக் கரைத்துப் பற்றவைக்கும் புதிய முறை ஐரோப்பாவில் அப்போதுதான் வந்திருந்தது. அதை நம்பி 1910-இல் லண்டனின் வான்ட்ஸ்வொர்த் பகுதியில் செலிக்மன் ஒரு நிறுவனம் தொடங்கினார். பெயர், அலுமினியம் பிளான்ட் அண்ட் வெசல் கம்பெனி. சுருக்கமாக ஏ.பி.வி. உணவு ஆலைகளுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் பெரிய பெரிய பாத்திரங்கள் செய்வதுதான் வேலை.

பாத்திரம் செய்து விற்றதோடு அவர் நிற்கவில்லை. எந்த அமிலம் அலுமினியத்தை எப்படி அரிக்கிறது என்று வில்லியம்ஸ் என்ற துணை ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து ஆராய்ந்தார். சலவைச் சோடாவில் கழுவினால் அலுமினியப் பாத்திரம் கெட்டுப்போகும். சோடாவுடன் கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்த்தால் அரிப்பு அடங்கும் என்று கண்டார்கள். பெரிய விஞ்ஞானி பாத்திரம் கழுவுவதைப் பற்றியா ஆராய்வார் என்று சிரிக்காதீர்கள். அவருடைய பெரிய கண்டுபிடிப்புக்கும் கழுவுவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நம் வீட்டில் பாலைக் காய்ச்சித்தான் குடிப்போம். அந்நாளைய இங்கிலாந்தில் பலர் பச்சைப் பாலையே குடித்தார்கள். காசநோய் வந்த மாட்டின் பால் வழியாக அந்த நோய் குழந்தைகளுக்குப் பரவியது. சிலருக்குக் கழுத்தில் கட்டிகள் வந்தன. சிலருக்கு எலும்பும் மூட்டும் அழுகி, நடையே போயிற்று. பல குழந்தைகள் இறந்தும் போனார்கள்.

சூடாக்கினால் கிருமி சாகும் என்பதை லூயி பாஸ்டர் முன்பே காட்டியிருந்தார். ஆனால் ஆயிரக்கணக்கான லிட்டர் பாலை எப்படிச் சூடாக்குவது? பெரிய தொட்டியில் 63 டிகிரியில் அரைமணி நேரம் வைத்திருப்பார்கள். பிறகு மெல்ல ஆறவைப்பார்கள். நேரமும் எரிபொருளும் விரயம். குழாய்க்குள் பாலை ஓடவிட்டுச் சூடாக்கினாலோ உள்சுவரில் அடிப்பிடிக்கும். நீளமான குழாய்க்குள் கையை விட்டுத் தேய்க்க முடியுமா? ஒட்டிய பாலில் கிருமிகள் குடியேறும். நோயைத் தடுக்க வைத்த கருவியே நோயை வளர்க்கும்.

இந்த இடத்தில்தான் செலிக்மனின் யோசனை வந்தது. ஆண்டு 1923.

சூடான காபியை நீங்கள் எப்படி ஆற்றுகிறீர்கள்? டம்ளரில் இருந்து அகலமான டபராவில் ஊற்றுகிறீர்கள். காபி மெல்லிய படலமாகப் பரவுகிறது. அதனால் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. செலிக்மனும் பாலை மெல்லிய படலமாக ஆக்கினார். பல உலோகத் தகடுகளை நெருக்கமாக வரிசையாக நிறுத்தினார். முதல் இடைவெளியில் பால், அடுத்ததில் வெந்நீர், மறுபடி பால், மறுபடி வெந்நீர். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. நடுவில் உள்ள தகடு வழியாகச் சூடு மட்டும் தாவும். தகடுகள் வழவழப்பாக இல்லாமல் வரி வரியாக இருக்கும். அந்த மேடுபள்ளங்களில் மோதிப் பால் சுழன்று ஓடுவதால், எல்லாப் பாலும் தகட்டைத் தொட்டுப் போகும்.

தகடுகளின் ஓரத்தில் ரப்பர் கேஸ்கெட். நம் பிரஷர் குக்கர் மூடியில் இருக்கிறதே, அதே வேலைதான். மொத்த வரிசையையும் இரு கனத்த சட்டங்களுக்கு இடையே வைத்து இறுக்கிவிட்டால் கருவி தயார். வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தினால், புத்தகத்தின் பக்கங்களைப் போல ஒவ்வொரு தகட்டையும் பிரித்துக் கழுவலாம். குழாயில் முடியாதது இங்கே முடிந்தது.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. சூடாகி வெளியே போகும் பாலைக் குளிரவைக்க வேண்டும். உள்ளே வரும் குளிர்ந்த பாலைச் சூடாக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்த இடைவெளிகளில் எதிரெதிராக ஓடவிட்டால்? போகிற பால் தன் சூட்டை வருகிற பாலுக்குக் கொடுத்துவிடும்! தேவையான வெப்பத்தில் பெரும்பகுதி இப்படிச் செலவில்லாமல் கிடைத்தது. மீதிக்கு மட்டும் வெந்நீர் போதும். பாலை 72 டிகிரிக்குக் கொண்டுபோய், 15 விநாடி மட்டும் வைத்திருந்து, உடனே குளிரவைக்கும் முறை இத்தகைய கருவிகளால்தான் பெருமளவில் சாத்தியமாயிற்று. அரைமணி எங்கே, 15 விநாடி எங்கே!

ஆனாலும் ஊர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சூடாக்கினால் பாலின் சத்துப் போய்விடும் என்று எதிர்த்தவர்கள் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தார்கள். முதலில் வந்த தகடுகள் வார்த்துச் செய்யப்பட்டவை, கனமானவை. பிறகு மெல்லிய துருப்பிடிக்காத எஃகில் அச்சால் அழுத்திச் செய்யும் தகடுகள் வந்தன. கருவி மலிவானது, பரவியது. சென்னைக்குப் பால் அனுப்பும் பெரிய பால் பண்ணைகளிலும் இந்தத் தகட்டு வரிசையைக் காணலாம்.

செலிக்மன் குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு. அவர் மனைவி ஹில்டா சிற்பி, எழுத்தாளர், இந்தியாமீது பற்றுக் கொண்டவர். அவர் ஓர் ஆட்டைப் பற்றிக் குழந்தைகளுக்கான கதைப் புத்தகம் எழுதினார். அதில் வந்த பணம் இந்தியக் கிராமங்களுக்கான நடமாடும் மருத்துவ வண்டிகளுக்குப் போயிற்று. டெல்லி நாடாளுமன்ற வளாகத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனாகச் சந்திரகுப்த மௌரியர் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. அதைச் செய்தவரும் ஹில்டாதான். கணவர் தகடு வார்க்க, மனைவி சிலை வார்த்திருக்கிறார்!

தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த செலிக்மன் 1972-இல் மறைந்தார். அவர் பார்க்காத ஒன்று சில ஆண்டுகளிலேயே வந்தது. ரப்பர் கேஸ்கெட் அதிகச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காது அல்லவா? அதனால் 1970-களில் சுவீடன் நாட்டுப் பொறியாளர்கள் கேஸ்கெட்டையே எடுத்துவிட்டார்கள்.

பொற்கொல்லர் பொடிவைத்து ஊதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நகை உருகாது, இடையில் வைத்த பொடி மட்டும் உருகி இரு துண்டுகளையும் பிடித்துக்கொள்ளும். ஏ.சி. மெக்கானிக் குழாயை இணைப்பதும் இப்படித்தான். அதை 'பிரேஸிங்' என்பார்கள். எஃகுத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய செம்புத் தாளை வைத்து அடுக்குவார்கள். அடுக்கைக் காற்று நீக்கிய உலைக்குள் வைத்துச் சுமார் 1,100 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். செம்பு 1,085 டிகிரியில் உருகும். எஃகு உருக ஏறத்தாழ 1,400 டிகிரி ஆகும். உருகிய செம்பு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தகடுகள் தொடும் இடங்களுக்கு எல்லாம் தானே ஓடிச் சேரும். ஆறியதும் எல்லாம் ஒரே கட்டி. சட்டமும் வேண்டாம், போல்ட்டும் வேண்டாம். பள்ளிப்பைக்குள் அடங்கும் அளவில்கூடச் செய்யலாம். ஏ.சி., குளிர்பதன இயந்திரம், காற்று கம்ப்ரஸர் எல்லாவற்றிலும் இது புகுந்துகொண்டது இதனால்தான்.

ஒரே ஒரு குறை. இதைப் பிரிக்க முடியாது. உள்ளே அழுக்கு அடைத்தால் ரசாயனக் கரைசலை ஓடவிட்டுத்தான் கழுவ வேண்டும். அப்படியும் அடைப்பு போகாவிட்டால் கருவியையே மாற்ற வேண்டும். அதனால் பாலைப் பதப்படுத்தும் வேலைக்கு இன்றும் பிரிக்கக்கூடிய தகடுகள்தான். போல்ட்டைத் தளர்த்தி, தகடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஓட்டை விழுந்திருக்கிறதா, பால் ஒட்டியிருக்கிறதா என்று ஊழியர்கள் பார்க்கிறார்கள்.