பக்கவாதத்துக்குப் பிறகு கை ஏன் இறுகுது? வீல்சேரில் இருந்து வழிகாட்டிய கொச்சி டாக்டர் மேரி வர்கீஸ்

கொச்சிக்கு டூர் போயிருந்தால் மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. அந்த அரண்மனைக்குச் சொந்தக்காரர்களான ராஜாக்கள் ஆண்ட கொச்சியில் 1925இல் பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். பக்கவாதம் வந்த அப்பாவையோ தாத்தாவையோ நீங்கள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால், இவருடைய கதை உங்களுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

யார் இந்த மேரி வர்கீஸ்?

வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர். மகப்பேறு மருத்துவர் ஆகணும் என்பது ஆசை. 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாமல் போனது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

டாக்டர் வாழ்க்கை அதோடு முடிஞ்சிடும்னுதான் யாரும் நினைப்போம். ஆனால், அதே மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் ஒரு வழி காட்டினார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை மாற்றிப் பொருத்தி மறுபடி வேலை செய்ய வைப்பவர் அவர். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி வீல்சேரில் இருந்தே கத்தியைப் பிடித்தார்.

இந்த ஆபரேஷனில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. விறைத்துப்போன மூட்டுகளை முதலில் பயிற்சியால் தளர்த்தணும். ஆபரேஷன் முடிந்த பிறகும், அந்தக் கையால் வேலை செய்ய நோயாளி புதிதாகப் பழகணும். கத்தி பாதி வேலையைத்தான் செய்யும்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அவரே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மையத்தில் அந்தத் துறையை முறையாகப் படித்தார். 1963இல் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1966இல், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இந்தியாவின் முதல் மறுவாழ்வு மையம் அவர் முயற்சியில் உருவானது. 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986இல் காலமானார்.

சரி, பக்கவாதத்தில் தசை ஏன் இறுகுது?

தசைக்கு மூளையில் இருந்து 'சுருங்கு' என்ற உத்தரவு மட்டும் வருவதில்லை, 'போதும், தளர்ந்துக்கோ' என்ற கட்டுப்பாடும் வருது. பக்கவாதம் மூளையின் அந்தப் பகுதியைப் பாதித்தால் கட்டுப்பாடு குறைந்துவிடும். முழங்கை மடங்கும், விரல்கள் மூடிக்கொள்ளும், பாதம் கீழ்நோக்கி வளையும். அப்படியே விட்டால் தசையே நீளம் குறைந்து மூட்டு இறுகிவிடும். பிறகு அந்தக் கைக்குச் சட்டை மாட்டுவதும், உள்ளங்கையைக் கழுவுவதும்கூட பெரும்பாடு.

இதற்குத்தான் ஸ்டிரெச்சிங். மெதுவாக நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து, மெதுவாக விடணும். வேகமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும். முக்கியமா, பலவீனமான கையைப் பிடித்துத் தூக்காதீங்க, தோள்பட்டை விலகிவிடலாம்.

அப்போ தினமும் நீட்டிவிட்டா போதுமா?

போதாது. 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதைப் பரிசீலித்தது. பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏழு மாதத்துக்குக் குறைவாகச் செய்த ஸ்டிரெச்சிங், மூட்டின் அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் எதையும் தரவில்லை என்பதே அதன் முடிவு. அதற்காக இன்றைக்கே நிறுத்திடாதீங்க, உங்க பிசியோதெரபிஸ்ட்டிடம் பேசுங்க. அதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது என்பதுதான் விஷயம். டம்ளரைப் பிடிப்பது, எழுந்து நிற்பது, நடப்பது என நிஜ வேலைகளைத் திரும்பத் திரும்பப் பழகணும். இறுக்கம் ரொம்ப அதிகமென்றால் மாத்திரை, பொட்டுலினம் ஊசி போன்ற வழிகளை டாக்டர் சொல்வார்.

மேரி வர்கீஸின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் உதவுது. அவருடைய கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. ஆனாலும் ஆபரேஷன் செய்தார், ஒரு துறையையே நடத்தினார். உடம்பு பழையபடி ஆகும்வரை அவர் காத்திருக்கவில்லை, இருக்கிற உடம்போடு எதைச் செய்யலாம் என்று பார்த்தார். மறுவாழ்வு மருத்துவம் என்பதே அதுதான்.

பல வீடுகளில் இது தலைகீழாக நடக்குது. லீவு முடிந்து நாம் ஆபீஸ் கிளம்பிவிடுவோம். அம்மா தினமும் அப்பாவின் கையை நீட்டிவிட்டு, விரல் திறக்குதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். திறக்காத நாளில் இரண்டு பேரும் சோர்ந்துபோவார்கள்.

அடுத்த முறை வீட்டுக்கு போன் செய்யும்போது, கை எவ்வளவு நீளுது என்று கேட்காதீங்க. இன்னைக்கு அப்பா தானா என்ன செஞ்சார்னு கேளுங்க. பட்டன் போட்டாரா, தானே சாப்பிட்டாரா, வாசல்வரை வந்தாரா? அதே கேள்வியை பிசியோதெரபிஸ்ட்டிடமும் வையுங்க: அடுத்த மாதத்துக்குள் இவர் தானாகச் செய்யப் பழகவேண்டிய ஒரு வேலை எது?