செடியைக் கணக்கு எழுத வைத்த போஸ்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினால் ஏலத் தோட்டங்களில் பெரிய மரங்கள் குடை பிடித்தாற்போல் நிற்பதைக் காணலாம். அவை அழகுக்காக நிற்கவில்லை. ஏலச் செடி நிழலில் வளரும் சாதி. மரத்தை வெட்டி உச்சி வெயிலை நேரே விழவிட்டால் அதன் இலை மஞ்சள் பாய்ந்து கருகிவிடும். இலைக்குச் சோறு போடுவதும் வெயில்தான், சுடுவதும் வெயில்தான்!

வெயிலில் இலை செய்யும் வேலையைச் செடியையே கணக்கு எழுதவைத்துக் காட்டினார் ஒருவர். அவர்தான் வங்காளத்து விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

போஸ் பிறந்தது 1858-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி. தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். அந்தஸ்துள்ளவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். பக்கத்தில் உட்கார்ந்த செம்படவர் வீட்டுப் பிள்ளை சொன்ன மீன் கதைகளையும் பறவைக் கதைகளையும் சிறுவன் ஆவலோடு கேட்டான்.

பிறகு வைத்தியம் படிக்க லண்டன் போனார். ஓயாத காய்ச்சல் அந்தப் படிப்பைக் கெடுத்தது. கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்துத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பேராசிரியரானார்.

அங்கே ஓர் அநியாயம் காத்திருந்தது. வெள்ளைக்காரருக்குக் கொடுக்கும் சம்பளம் இந்தியருக்குக் கிடையாது. போஸுக்கு, தற்காலிக வேலை என்று சொல்லி, இன்னும் குறைத்தார்கள். அவர் கூச்சல் போடவில்லை. வேலையை விடவுமில்லை. மூன்று வருஷம் ஒழுங்காகப் பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் கையால் தொடவில்லை. தகப்பனார் கடனில் மூழ்கியிருந்த சமயம் அது. குடித்தனம் எப்படி நடந்திருக்கும்! கடைசியில் சர்க்கார்தான் இறங்கிவந்தது. முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு கைக்கு வந்தது. அந்தப் பணம் தகப்பனார் கடனை அடைக்கப் போயிற்று.

1895-ல் கம்பியில்லாமலே மின்சார அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்கச் செய்தார். பெயர் பரவிய பிறகு அவர் மனம் செடிகள் பக்கம் திரும்பியது. தொட்டால் பிராணிகளைப் போலவே செடிகளும் மறுமொழி காட்டுகின்றன என்று 1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்துகாட்டினார். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கட்டுரையை அச்சிடாமல் கட்டிவைத்தார்கள். அதே சபை 1920-ல் அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

குளத்தில் வளரும் ஹைட்ரில்லா என்ற செடியை வெயிலில் வைத்தால் பிராணவாயுக் குமிழிகள் கிளம்பும். போஸ் அதற்கென்று ஒரு கருவி செய்தார். ஒவ்வொரு குமிழிக்கும் மணி அடிக்கும், சுழலும் காகிதத்தில் ஒரு குறி விழும். வெளிச்சம் குறைந்தால் குறிகள் விலகி விழும். கோடைச் செடியும் குளிர்காலச் செடியும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பதையும் அவர் கண்டார். இவற்றையெல்லாம் 1924-ல் ஒரு நூலாக வெளியிட்டார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதி என்ற ஊரில் காலமானார்.

குமிழி பிறக்கும் இடத்துக்குள் நடப்பது அவருக்குப் பின் வந்தவர்களுக்கே தெரிந்தது. இலையின் பச்சை நிறம் பசுங்கணிகம் என்ற மிகச் சிறிய பைகளில் இருக்கிறது. அங்கே தண்ணீரைப் பிளந்து பிராணவாயு எடுக்கும் இடத்தில் டி-1 என்ற புரதம் உண்டு. வெயிலின் அடி அதன்மேல்தான் விழுகிறது. பழுதான புரதத்தைக் கத்தரிக்கோல் போன்ற நொதிகள் துண்டுதுண்டாக வெட்டி அகற்றுகின்றன. உடனே புதியது ஒன்று அந்த இடத்தில் பொருத்தப்படுகிறது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுவது போன்ற வேலை இது. பகல் முழுவதும் நடக்கிறது.

பழுது வேகமாகவும் மராமத்து மெதுவாகவும் போனால் இலை வெளிறும். குளிரில் மராமத்து மந்தமாகும். ஆகவே மலையில் குளிர்ந்த காலையில் சுள்ளென்று அடிக்கும் வெயில் இலைக்குப் பெரிய சோதனை. மேகமலை ஏலத்துக்கு மேலே நிற்கும் மரம் அந்த அடியைப் பாதி வழியிலேயே தாங்கிக்கொள்கிறது.