கடிகாரங்களைக் கழற்றிய சிறுமி

ஏழு வயதில் வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களைக் கழற்றிப் போட்ட ஒரு சிறுமியைப் பற்றி எழுதப் புகுகிறோம். நியூயார்க் நகரில் 1906 டிசம்பர் 9ஆம் நாள் பிறந்த கிரேஸ் மர்ரே தான் அச்சிறுமி. அலாரம் எப்படி அடிக்கிறது என்று அறிய ஒன்றைக் கழற்றினாள். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அடுத்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று அதையும் கழற்றினாள். இப்படியே ஏழும் போயின. இனி ஒரே ஒரு கடிகாரத்தைத்தான் தொடலாம் என்று தாயார் வரம்பு விதித்தார். நம் வீடாக இருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை!

வாஸர் பெண்கள் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பரை மணந்து கிரேஸ் ஹாப்பர் ஆனார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்று, தாம் படித்த கல்லூரியிலேயே பேராசிரியையாகப் பணிபுரிந்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. கடற்படையில் சேர விரும்பிய அவருக்கு, இருக்க வேண்டிய எடையில் 15 பவுண்டு குறைந்தது. எனினும் விலக்குப் பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே மார்க் 1 என்னும் கணிப்பொறி காத்திருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம், 5 டன் எடை! காகித நாடாவில் துளையிட்டுத்தான் அதற்கு ஆணையிட வேண்டும். ஒரு துளை இடம் மாறினாலும் விடை தவறும். கடற்படையோ கணக்கை எதிர்பார்த்து நிற்கும். தவறு நாடாவிலா, இயந்திரத்திலா என்பதை இயந்திரம் சொல்லாது. அதைத் தேடிப் பிடிப்பதே இரவும் பகலும் அவர்களுக்கு வேலையாயிற்று.

1947 செப்டம்பர் 9ஆம் நாள், அடுத்து உருவான மார்க் 2 தகராறு செய்தது. தேடிப் பார்த்தபோது, 70ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டுக் கிடந்தது! அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். பூச்சியைக் கண்டெடுத்தவர் கிரேஸ் அம்மையார் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியன்று. கண்டவர்கள் உடன் பணியாற்றியவர்கள். சுவைபடச் சொல்லி உலகறியச் செய்தவரே அவர். பழுதைப் பூச்சி என்று சொல்லும் வழக்கமும் எடிசன் காலத்திலேயே இருந்தது. அந்தப் பதிவேட்டை, பூச்சியோடு, அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகம் காத்து வருகிறது.

1949இல் பிலடெல்பியா சென்று யூனிவாக் கணிப்பொறிக் குழுவில் சேர்ந்தார். அங்கே நிரல் எழுதுவோர், முன்பே சரிபார்த்த சிறு நிரல்களைக் கையால் பார்த்தெழுதிச் சேர்ப்பார்கள். அப்போது இடைவெளியைக் குறிக்கும் முக்கோணக் குறி 4 ஆகிவிடும். பி என்ற எழுத்து 13 ஆகிவிடும். (தேர்வுத் தாளில் நமக்கும் இது நேர்வதுண்டு.) பார்த்தெழுதும் வேலையைக் கணிப்பொறியிடமே கொடுத்தால் என்ன என்று சிந்தித்தார். 1952இல் அவர் படைத்த ஏ-0 என்னும் கம்பைலர் அதைச் செய்தது. கணிப்பொறிக்குக் கணக்குத்தான் போடத் தெரியும் என்று சொல்லி முதலில் எவரும் நம்பவில்லை.

அடுத்து அவர் ஆங்கிலச் சொற்களாலேயே ஆணையிடும் ஃப்ளோ-மேட்டிக் மொழியை அமைத்தார். அதை ஒட்டிக் கோபால் மொழி எழுந்தது. 1960 டிசம்பரில், ஒரே கோபால் நிரலை இரு வேறு நிறுவனங்கள் செய்த இரு வேறு கணிப்பொறிகளில் ஓட்டிக் காட்டினார்கள். அதுவரை ஒரு பொறிக்கு எழுதியது பெரும்பாலும் மற்றொன்றுக்கு உதவாது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் கம்பைலரைத் தன் விருப்பப்படி செய்யவே, விடைகள் வேறுபட்டன. 1966இல் ஓய்வு பெற்றிருந்த அம்மையாரை, மறு ஆண்டே ஆறு மாதத்திற்கென்று கடற்படை திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது! கம்பைலர் பிழையின்றி மாற்றுகிறதா என்று சோதிக்கும் நிரல்களை அவர் குழு எழுதியது.

இன்றும் இதே தேடல்தான். காருக்குள் இருக்கும் சிறு கணிப்பொறிக்கான நிரலை வேறொரு பெரிய கணிப்பொறியில் எழுதி, சிறியதன் மொழிக்கு மாற்றி அனுப்புகிறார்கள். பெரியதில் நன்றாக ஓடியது சிறியதில் நின்றுவிடுவதுண்டு. எழுதியதில் பிழையா, மாற்றியதில் பிழையா, துணை நிரல்கள் ஒத்துப்போகவில்லையா, கருவியே பழுதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நேரம் தவறினாலும் பிழையே; பிரேக்குக்கு வரவேண்டிய சரியான விடை ஒரு நொடி தாமதித்து வந்து என்ன பயன்?

அந்த நேரத்தையும் அம்மையார் கையில் பிடித்துக் காட்டினார். ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கில் ஒளி செல்லும் தூரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அதாவது நம் அடிக்கோல் அளவு. அந்த நீளத்திற்குக் கம்பிகளை வெட்டி, சொற்பொழிவு கேட்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர் அலுவலகக் கடிகாரமோ இடப்புறமாகச் சுற்றியது. கடிகாரங்களை அவர் விடவேயில்லை!

1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் காலமானார். 1996இல் அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹாப்பர் என்று பெயரிட்டு நீரில் இறக்கியது. அதன் எண் 70. பூச்சி அகப்பட்ட ரிலேயின் எண்ணும் அதுவே என்பதைக் கண்டபோது நாம் வியந்து சிரித்தோம்.