முப்புரியின் புதிர் அவிழ்த்தவர்

நுழையும்முன்

தேர்வடம் பிடித்தவர்கள் அறிவார்கள்: தனி நார் எளிதில் அறும், புரிகளாகத் திரிந்த நாரோ தேரையே நகர்த்தும். நம் தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கி நிற்பதும் அத்தகைய முப்புரி ஒன்றே. சென்னையில் இருந்தபடியே அதனைக் கண்டறிந்து உலகிற்கு உரைத்த அறிவியலறிஞர் ஜி.என். இராமச்சந்திரனின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். ஆதலால் எண்களின் மீதான ஈடுபாடு இல்லத்திலேயே வேரூன்றியது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். விரைவிலேயே இயற்பியலுக்கு மாறி, சர் சி.வி. இராமனின் மாணவரானார். பின்னர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, 1949இல் தாயகம் திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பதை எட்டியிருக்கவில்லை.

கங்காருவின் வால்நார்

அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கில அறிவியலறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்பதை அவருக்குச் சுட்டிக்காட்டினார். விலங்குடலில் மிகுதியாக உள்ள அப்புரதத்தின் அமைப்பு அன்று பெரும்புதிராகவே இருந்தது. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே இருந்தது மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அதன் துணையால் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அந்நாரில் ஊடுகதிர்களைச் செலுத்தி, சிதறிய கதிர்கள் படத்தில் பதித்த புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தனர்.

கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலம் கிளைசின் ஆகும். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது அதுவே. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கும் நடுப்பகுதியில் பெரிய மூலக்கூறுக்கு இடமில்லை. கிளைசின் மட்டுமே அங்குப் பொருந்தும். இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு, 1954இல் மூன்று சங்கிலிகள் கொண்ட வடிவத்தை 'நேச்சர்' இதழில் அவர்கள் வெளியிட்டனர். அம்மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாக 1955இல் அதனைத் திருத்தியமைத்தனர்.

மறுப்பே வழியாயிற்று

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் அவ்வடிவத்தில் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்கியிருப்பதாக மறுத்துரைத்தனர். டி.என்.ஏவின் ஈரிழைச் சுருளைக் கண்டறிந்து புகழின் உச்சியில் இருந்தவர் கிரிக். சென்னையின் எளிய ஆய்வுக்கூடம் அம்மறுப்புக்கு எவ்வாறு விடையிறுக்கும்?

இராமச்சந்திரன் சினம் கொள்ளவில்லை, சோர்ந்து ஒதுங்கவுமில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே முதலில் ஆராய்வோம் எனத் துணிந்தார். வே. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, ஏற்கெனவே வடிவம் அறியப்பட்ட மூலக்கூறுகளின் அணு இடைவெளிகளைத் திரட்டினார். நம் முழங்கை எல்லாத் திசையிலும் மடங்குவதில்லை. அதுபோலப் புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பினாலும், அணுக்கள் மோதிக்கொள்ளாத நிலைகள் சிலவே. அந்நிலைகளை ஒரு சதுர வரைபடத்தில் குறித்து 1963இல் வெளியிட்டனர். அதுவே உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என வழங்குகிறது.

பின்னாளில் கிடைத்த படிகச் சான்றுகள் முச்சுருள் வடிவை உறுதிசெய்தன. எனினும் சங்கிலிகளைக் கட்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் மறுத்தவர்களின் கருத்தே நிலைத்தது. ஒரு மறுப்பு, முதல் கண்டுபிடிப்பினும் பெரிய கண்டுபிடிப்பிற்கு வழிவகுத்தது என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

இன்றைய ஆய்வுக்கூடத்தில்

இன்று மனிதக் கொலாஜனை விலங்குத் தோலிலிருந்து பிரித்தெடுக்காமலே உருவாக்க இயலும். மனித மரபணுவை ஈஸ்ட் செல்லில் புகுத்தினால், அச்செல்லே அப்புரதத்தை உண்டாக்கும். இதனை மறுகூட்டிணைவு முறை என்பர். ஆயின் மரபணுவை மட்டும் புகுத்தினால் போதாது. கொலாஜனிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்துடன் ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதி இல்லையெனில், முப்புரி உடல் வெப்பத்திலேயே பிரிந்துவிடும். எனவே அந்நொதிக்கான மரபணுக்களையும் உடன் புகுத்துகின்றனர். கிளைசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வேறொன்று அமைந்தாலும் எலும்பு எளிதில் முறியும் நோய் தோன்றக்கூடும். வடிவத்தை அறிந்ததாலன்றோ இக்காரணங்களும் விளங்கின!

நிறைவு

1970களின் தொடக்கத்தில் பெங்களூரு சென்ற இராமச்சந்திரன், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை நிறுவினார். 1971இல் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் அவர் வகுத்த கணித முறை, உடலின் உள்ளுறுப்புகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கத் துணைபுரிந்தது. 1977இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோயால் வருந்திய அவர், 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார்.

மதுரைத் தல்லாகுளத்துக் கல்லூரியில் பயிலும் மாணவரேயாயினும், கேம்பிரிட்ஜின் பேராசிரியரேயாயினும், ஒரு புரதத்தின் வடிவத்தைச் சரிபார்க்க நேர்ந்தால் சென்னையில் பிறந்த அவ்வரைபடத்தையே நாடுவர். தம் விடை ஐயுறப்பட்டபோது, அவ்வையத்தையே அடுத்த ஆய்வின் வினாவாக்கிக் கொண்ட மனப்பாங்கு, மாணவர்களாகிய உங்களுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வமாகும்.