நான்கு கைகள் வாசித்த இசை: மொசார்ட்டின் தமக்கை நானெர்ல்

மேனாட்டு இசையுலகில் மொசார்ட் என்னும் பெயரை அறியாதார் இலர். முப்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்து, அறுநூறுக்கும் மேற்பட்ட இசையாக்கங்களைப் படைத்துச் சென்ற அம்மேதையைப் பியானோ பயிலும் எம் பிள்ளைகள் நன்கறிவர். ஆயின், அவரோடு ஒரே வாத்தியத்தின் முன் அமர்ந்து, இருவரும் நான்கு கைகளால் வாசித்து, ஐரோப்பிய அரசவைகளை வியப்பில் ஆழ்த்திய தமக்கையார் ஒருவர் இருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. இன்று மொசார்ட் என்றதும் ஒருவரையே நினைக்கின்றோம். 1760களில் அப்பெயரைக் கேட்டவர்கள் இரண்டு குழந்தைகளை நினைத்தார்கள்.

இன்று ஒஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பேர்க் நகரில் 1751ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் மரியா அன்னா மொசார்ட் பிறந்தார். வீட்டார் செல்லமாக அழைத்த நானெர்ல் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. தந்தை லெயோபோல்ட், அந்நாட்டை ஆண்ட பேராயரின் அவையில் வயலின் கலைஞர். வயலின் கற்பித்தல் பற்றி அவர் எழுதிய நூல் நெடுங்காலம் போற்றப்பட்டது. பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் எழுவருள் எஞ்சியோர் இருவரே. நானெர்ல் பிறந்து நாலரை ஆண்டுகளின் பின், 1756 சனவரி 27இல், தம்பி வொல்ஃப்காங் பிறந்தான்.

மகளுக்கு ஏழெட்டு வயதானபோது தந்தை அவளுக்கு வாத்தியம் பழக்கத் தொடங்கினார். 1759இல் அவளுக்கென ஓர் இசையேட்டை உருவாக்கி, எளிய நடன இசைத் துண்டுகளை அதில் எழுதிக் கொடுத்தார். அக்காள் பாடம் படிக்கையில் மூன்று வயதுத் தம்பி அருகில் நின்று கேட்பான். பாடம் முடிந்ததும், ஒத்திசைக்கும் கட்டைகளைத் தேடித் தேடி அழுத்தி மகிழ்வான். பின்னர் அவனும் அந்த ஏட்டிலேயே படித்தான். தன் ஐந்தாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, அரை மணி நேரத்தில் ஒரு துண்டை அவன் கற்றுக்கொண்டதைத் தந்தை அதன் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். அவனுடைய முதல் ஆக்கங்களும் அந்த ஏட்டில்தான் எழுதப்பட்டன. ஒரு வீட்டில் மூத்த பிள்ளையின் பாடத்தை இளைய பிள்ளை கேட்டே கற்றுவிடுவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். மொசார்ட் என்ற மேதையின் முதற் பாடப்புத்தகம் அக்காளுடையது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்தல் நன்று.

இரு பிள்ளைகளின் திறமையையும் கண்ட தந்தை அவர்களை உலகுக்குக் காட்ட விழைந்தார். 1762 சனவரியில் மியூனிக் நகருக்கும், அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் வியன்னாவுக்கும் அழைத்துச் சென்றார். ஒக்ரோபர் 13இல் பேரரசி மரியா தெரேசாவின் அரண்மனையில் பிள்ளைகள் வாசித்தனர். அரச குழந்தைகளுக்காகத் தைத்த ஆடைகள் இருவருக்கும் பரிசாகக் கிடைத்தன. அந்த ஆடைகளில் அவர்களைத் தீட்டிய ஓவியங்களை இன்றும் காணலாம்.

1763 யூன் 9ஆம் நாள் குடும்பம் முழுவதும் குதிரை வண்டியில் நெடும்பயணம் புறப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1766 நவம்பர் இறுதியிலேயே அவர்கள் வீடு திரும்பினர். ஜேர்மனிய நகரங்கள், பிரசல்ஸ், பாரிஸ், இலண்டன், ஹேக் எனப் பயணம் நீண்டது. பன்னிரண்டு வயதில் தன் மகள் ஐரோப்பாவின் மிகத் திறமை வாய்ந்த வாசிப்பாளருள் ஒருத்தி என்று தந்தை இலண்டனிலிருந்து ஊருக்கு எழுதினார். மகளைப் புகழ்வதற்குத் தயங்கியவரல்லர் அவர்.

நான்கு கைகளால் ஒரு வாத்தியத்தை வாசிப்பது எளிதன்று. ஒருவர் மேல்ஸ்தாயியையும் மற்றவர் கீழ்ஸ்தாயியையும் எடுத்துக்கொள்வர். முழங்கைகள் இடிபடும். ஒருவர் விட்ட கட்டையை மறுகணமே மற்றவர் அழுத்த நேரிடும். கண்ணால் பார்க்க அவகாசம் கிடையாது. பக்கத்திலிருப்பவரின் மூச்சை அறிந்து வாசிக்க வேண்டும். இலண்டனில் இவ்விரு பிள்ளைகளும் இதற்கும் மேலே சென்றனர். பியானோ பரவாத அக்காலத்தில், தந்திகளைச் சுண்டி ஒலியெழுப்பும் ஹார்ப்சிகார்ட் என்னும் வாத்தியமே வழக்கில் இருந்தது. அதன் கட்டைகள் மீது கைக்குட்டையை விரித்து மறைத்துவிட்டு, இருவரும் நான்கு கைகளால் வாசித்தனர். 1765 யூலையில் கோர்ண்ஹில் பகுதியில் இருந்த ஒரு விடுதியில் நாள்தோறும் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை இக்காட்சி நடந்தது. கட்டணம் ஆளுக்கு இரண்டரை ஷில்லிங். விளம்பரங்களில் பிள்ளைகளின் வயது குறைத்தே சொல்லப்பட்டது. இதை வாசிக்கும் பெற்றோர் முகஞ்சுளித்தால் அதில் தவறில்லை. இங்கிலாந்து மன்னர் முன் வாசித்த பிள்ளைகள், ஓராண்டு கழிந்தபின் விடுதியில் வருவோர் போவோருக்கு வேடிக்கையாயினர்.

முந்திய கோடையில் தந்தை கடும் நோயுற்றபோது, வீட்டில் வாத்தியத்தைத் தொடலாகாது என்றிருந்தது. அவ்வேளை எட்டு வயதுத் தம்பி தன் முதல் சிம்பொனியை எழுதத் தொடங்கினான். அருகிலிருந்து அதைப் படியெடுத்தவள் நானெர்ல். கொம்பு வாத்தியத்துக்கு நல்ல வேலை கொடுக்கும்படி தனக்கு நினைவூட்டச் சொன்னானாம் தம்பி. ஹேக் நகரில் அவள் நெருப்புக்காய்ச்சலில் விழுந்து, அவஸ்தைப்பூசுதல் பெறும் நிலைக்குச் சென்று உயிர் மீண்டாள். 1767இல் இருவரையும் பெரியம்மை வாட்டியது. அன்றைய பயணங்கள் அத்தகையவை.

1769 திசம்பரில் தந்தையும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டனர். பதினெட்டு வயது நானெர்ல் தாயாருடன் வீட்டில் நிறுத்தப்பட்டார். அற்புதக் குழந்தையாக ஊர்கள் கொண்டாடிய காலம் போய்விட்டது. மணவயதுப் பெண் பொதுமேடையில் வாசித்துப் பணம் ஈட்டுவதை அக்காலக் குடும்பம் ஒப்பவில்லை. அரசவை இசைத் தலைமை போன்ற பதவிகளும் ஆண்களுக்கே உரியனவாயிருந்தன. தந்தையைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. மகளுக்கும் மகனுக்கும் ஒரே பாடத்தை ஒரே அக்கறையோடு கற்பித்தவர் அவர். ஆனால் கற்றதைக் கொண்டு போகும் வழியை ஒருவருக்கே திறந்தார். இத்தாலியப் பயணங்கள் மூன்றிலும் நானெர்ல் வீட்டிலேயே இருந்தார். அக்காலத்தில் அவர் இயற்றிய பாடலொன்றைப் பெற்ற தம்பி, உரோமாபுரியிலிருந்து வியந்து பாராட்டி எழுதினார். அப்பாடல் இன்று கிடைப்பதில்லை. அவருடைய ஆக்கம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றும் நம்மிடம் இல்லை.

இருவரும் சால்ஸ்பேர்க்கில் கூடியிருந்த ஆண்டுகளில் வாசிப்புத் தொடர்ந்தது. நான்கு கைகளுக்கென 1772இலும் 1774இலும் தம்பி எழுதிய சொனாட்டாக்களை வீட்டில் இருவரும் வாசித்தனர். 1779இல் அவர் எழுதிய, இரு பியானோக்களும் வாத்தியக் குழுவும் சேரும் கொன்செர்ட்டோவும் தமக்கையோடு வாசிப்பதற்காகவே ஆக்கப்பட்டது எனக் கருதப்படுகின்றது. அதில் எவரும் துணை வாசிப்பவரல்லர். ஒருவர் தொடங்கும் வரியை மற்றவர் வாங்கி முடிக்கின்றார். 1778இல் பாரிசில் தாயார் இறந்துவிட, வீட்டுப் பொறுப்பு முழுவதும் நானெர்ல்மேல் விழுந்தது. மாணவருக்கு வாத்தியம் கற்பித்துக் குடும்ப வருவாய்க்கும் அவர் உதவினார்.

1780-81 அளவில் தீட்டப்பட்ட குடும்ப ஓவியம் ஒன்று உண்டு. அதில் இருவரும் ஒரே வாத்தியத்தின் முன் அமர்ந்திருக்கின்றனர்; ஒருவர் கை மற்றவர் கையைக் கடந்து செல்கின்றது. தந்தை வயலினோடு அருகிலிருக்கிறார். மறைந்த தாயின் படம் சுவரில் தொங்குகின்றது. அந்த 1781ஆம் ஆண்டிலேயே வொல்ஃப்காங் பேராயரின் பணியைத் துறந்து வியன்னாவில் தங்கிவிட்டார். தமக்கையும் அங்கு வந்தால் வாசித்தும் கற்பித்தும் நன்கு சம்பாதிக்கலாம் என்று அவர் எழுதினார். அது நடைபெறவில்லை. அவ்வாண்டு நவம்பரில், அக்காளுக்கென எழுதியதாகக் கருதப்படும் கொன்செர்ட்டோவைத் தம் மாணவி யோசெஃபா ஔவர்ன்ஹாமருடன் வியன்னாவில் அவர் வாசித்தார்.

ஆயினும் இசையுறவு அறுந்துவிடவில்லை. தம்பி தம் புதிய பியானோ கொன்செர்ட்டோக்களைச் சால்ஸ்பேர்க்குக்கு அனுப்புவார். 1784இல் அவற்றுள் ஒன்றின் மெதுவான பகுதியில் ஏதோ குறைவதாக நானெர்ல் கருதினார். அது சரியே என்று ஏற்ற தம்பி, அவ்விடத்தை நிரப்பி அனுப்புவதாக விடை எழுதினார். மொசார்ட்டின் இசையில் குறை கண்டு, அதை மொசார்ட்டே ஒப்புக்கொள்ளச் செய்தவர் இவர்!

அவ்வாண்டு ஓகஸ்ட் 23இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், சென் கில்கன் என்னும் ஏரிக்கரை ஊரின் நீதி அதிகாரி பெர்க்டோல்டை அவர் மணந்தார். கணவர் இருமுறை மனைவியை இழந்தவர். ஐந்து பிள்ளைகளின் தந்தை. விந்தை என்னவெனில், நானெர்ல் குடிபுகுந்த அதிகாரி இல்லமே அவருடைய தாயார் பிறந்த வீடு. ஏரியின் ஈரக் காற்றில் பியானோ பழுதுபட்டது. செப்பனிட அங்கு ஆளில்லை. ஆயினும் அவர் பயிற்சியை விடவில்லை. 1785இல் பிறந்த மகனைச் சால்ஸ்பேர்க்கில் பாட்டனாரே தம்மிடம் வைத்து வளர்த்தார். 1787இல் பாட்டனார் இறக்கும்வரை குழந்தை அங்கேயே இருந்தது. பின்பு பிறந்த பெண்பிள்ளைகள் இருவருள் ஒருத்தி கைக்குழந்தைப் பருவத்திலும் மற்றவள் பதினாறு வயதிலும் மாண்டனர்.

தமக்கையும் தம்பியும் கடைசியாகச் சந்தித்தது 1783இல், வொல்ஃப்காங் தம் மனைவியோடு ஊருக்கு வந்தபோது. 1791 திசம்பர் 5ஆம் நாள் அவர் இறந்தார். மறு ஆண்டு, தம்பியின் வாழ்க்கையை எழுத முனைந்தவருக்கு, இளமைக்கால நினைவுகளை எழுதிக் கொடுத்தவர் நானெர்ல். கட்டைகளைத் தேடி அழுத்திய சிறுவனை நாம் அறிவது அவர் வழியாகத்தான்.

1801இல் கணவர் இறந்தபின் சால்ஸ்பேர்க்குக்குத் திரும்பி, மீண்டும் பியானோ ஆசிரியையானார். 1825 அளவில் பார்வையை இழந்தார். 1829 யூலையில், இலண்டனிலிருந்து இசைப் பதிப்பாளர் வின்சென்ற் நொவெல்லோ மனைவியுடன் அவரைக் காண வந்தார். அவருக்கென அங்குள்ள இசையன்பர்கள் சேர்த்த பணத்தையும் கொண்டு வந்தார். நானெர்ல் படுக்கையில் இருந்தார், பேசவும் வலுவில்லை. சில நாள்களுக்கு முன் அவர் தம்மைப் பியானோவுக்குத் தூக்கிச் செல்லும்படி கேட்டாராம். வலக்கை சில வரிகளை வாசித்தது, இடக்கை அசையவில்லை.

அவ்வாண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் எழுபத்தெட்டாம் வயதில் அவர் இறந்தார். சால்ஸ்பேர்க் புனித பேதுரு ஆலயச் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தனர்.