நாற்காலியில் ஒரு சந்நியாசி
நாம் சொல்லிவரும் கிருபைதயாபத்து மந்திரத்தை இயற்றியவர் முத்திப்பேறு பெற்ற ஹெர்மான் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அவர் 1013-ம் ஆண்டு ஜெர்மனி தேசத்தில் பிரபு குலத்தில் பிறந்தவர். கைகால் விளங்காது, பேச்சும் குழறும். பெற்றோர் அவரை ஒளித்துவைக்கவில்லை. ஏழாம் வயதில் ரைஹனாவ் தீவிலிருந்த அர்ச். ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் ஒப்புவித்தார்கள். நாற்காலியோடு தூக்கினால்தான் இடம் பெயர்வார். (தூக்கினவர்களுக்கும் அது ஊழியந்தானே!) அந்தக் குழறல் பேச்சிலேயே மாணாக்கருக்குப் பாடம் சொன்னார், வானசாஸ்திரமும் சங்கீதமும் எழுதினார், 1054-ல் மரிக்கும் வருஷம்வரை சரித்திரம் எழுதிவந்தார்.

வளர்ந்த பிள்ளைக்குக் கோவிலில் என்ன வேலை இருக்கும் என்று தயங்கும் திருநகர்ப் பெற்றோரே, ஞாயிறு பூசைக்குப்பின் பிள்ளையோடு வாருங்கள். பாட்டுப் புத்தகம் கொடுக்கவும், வாசலில் வருகிறவர்களை வரவேற்கவும் ஆள் வேண்டும். எது பிரியமென்று பிள்ளையிடமே கேட்போம்.