கட்டி வைத்தவன் கடன்: இராம்பிரம்ம சன்யால்

மார்கழிப் பனி இறங்கும் நாள்களிலே கரவெட்டியில் மாடு வளர்ப்போர் கன்றைக் கொட்டிலின் உட்புறத்தே கட்டுவர். ஈரத் தரையிலே வைக்கோல் பரப்புவர். வாடை வீசும் பக்கத்தைக் கிடுகால் மறைப்பர். காட்டிலே திரியும் விலங்கு தனக்கு வேண்டிய மறைவிடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கயிற்றிலே கட்டுண்ட கன்றுக்கு அவ்வுரிமை இல்லை. ஆதலின், அதன் குளிரைத் தான் உணர்ந்து ஆவன செய்தல் கட்டி வைத்தவனுக்குக் கடனாகின்றது. இவ்வெளிய உண்மையையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட பெரியார் ஒருவர் வங்கநாட்டிலே வாழ்ந்தார். அவரே இராயபகதூர் இராம்பிரம்ம சன்யால் ஆவார்.

சன்யால் முர்சிதாபாத் மாவட்டத்திலே பிறந்தவர். வைத்தியராக வேண்டும் என்னும் விருப்போடு கல்கத்தா வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயின், கண்ணோய் அவரது கல்வியை இடையிலே முறித்தது. பட்டம் பெறாது வெளியேறிய அவ்விளைஞர்மீது அன்பு கொண்டவர், அக்கல்லூரியிலே தாவரவியல் கற்பித்த ஜோர்ஜ் கிங் என்பார். அலிப்பூரிலே 1876 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மிருகக்காட்சிச்சாலையில், அவருடைய உதவியினாற் சன்யாலுக்குச் சிறு வேலையொன்று கிடைத்தது. வேலையாள்களை மேற்பார்த்தலே அவ்வேலை. நூல்களைப் படித்துத் தேறத் துணைசெய்யாத கண்கள், விலங்குகளை நாள்தோறும் பார்த்து அறியத் துணைசெய்தன.

அக்காலத்திலே நம் நாடுகளில் மிருகக்காட்சிச்சாலை என்பது பெரும்பாலும் செல்வர்தம் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. அலிப்பூர்ச் சாலைக்கு முதலாய் அமைந்ததும், சுவென்ட்லர் என்னும் செர்மானியப் பொறியியலாளர் தம் மனையிலே வைத்திருந்த விலங்குத் தொகுதியே. பல நாட்டு விலங்குகள் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றை உயிரோடு வைத்திருக்கும் வழியைக் கூறுவாரோ அரியர். சன்யால் ஏடு ஒன்றைத் துணைக்கொண்டார். எந்த விலங்கு எதனை உண்டது, எந்நாளில் உணவை மறுத்தது, என்ன நோயுற்றது, எம்மருந்துக்குத் தெளிந்தது என்பனவற்றை நாள்தோறும் குறித்து வந்தார். சிறு பணியிலே புகுந்த அவர், அச்சாலையின் முதல் இந்திய மேலதிகாரியாக உயர்ந்தார்.

அவர் எதிர்கொண்ட இடர் இத்தகையது என உணர்தற்கு ஓநாயை எடுத்துக்கொள்வோம். ஈழத்துக் காடுகளில் ஓநாய் இல்லை, நரியே உண்டு. ஆதலால், நம் மாணவர் அதனைக் கதைகளிலே வரும் கொடிய விலங்காக மட்டுமே அறிவர். உண்மையில் அது குடும்பமாய் வாழ்வது. தாய், தந்தை, முன் ஈன்ற பிள்ளைகள் ஆகியோர் கூடியதே பெரும்பாலும் ஓர் ஓநாய்க் கூட்டமாகும். இமயத்துக்கு அப்பால் வாழும் ஓநாய்க்குக் குளிர்காலத்திலே அடர்ந்த உள்மயிர் வளர்கின்றது. வாலால் மூக்கை மூடிச் சுருண்டு உறைபனி நடுவேயும் அது உறங்கும். இந்தியச் சமவெளியில் வாழும் ஓநாய்க்கோ மயிர் மெல்லியது. கூண்டிலே அதனை வருத்துவன குளிரினும் ஈரமும் ஊதற்காற்றுமே. நிலத்தினின்று உயர்த்திய பலகையும், உலர்ந்த வைக்கோலும், காற்றைத் தடுக்கும் சுவரும், குளிர் நாளிலே சற்று மிகுதியான இறைச்சியும் அதற்கு வேண்டும். நீர் உறையும் நாடுகளிலே குடிநீர்த் தொட்டி கல்லாய் இறுகாவாறும் பார்த்தல் வேண்டும்.

இவற்றினும் அரியதொரு கடமை உண்டு. சமவெளி ஓநாய் குளிர்காலத்தை அடுத்தே கருவுற்று, ஏறத்தாழ 63 நாளிலே ஈனும். துணைகூடும் பருவத்திலே கூட்டத்தினுள் பூசல் மிகும். காட்டிலே தோற்ற ஓநாய் விலகி ஓடிப் பிழைக்கும்; வேலிக்குள்ளே ஓடுதற்கு இடம் ஏது? ஆதலின், ஒதுங்குதற்குத் தனியிடமும், ஈனும் தாய்க்கு இருண்ட வளையும் அமைத்தல் காப்பவன் கடன். தொல்காப்பியர் மரபியலிலே நாயின் இளமைக்கும் நரியின் இளமைக்கும் குருளை எனப் பெயர் வகுத்தார். ஓநாய்க்கும் அப்பெயர் பொருந்தும். ஈன்ற வளையைப் பலர் எட்டிப் பார்த்தால், தாய் தன் குருளைகளை வாயிற் கவ்விக்கொண்டு இடந்தேடி அலையும். எனவே, காப்பவன் நெருங்கிப் பேணுதலோடு விலகி நிற்றலையும் கற்க வேண்டும்.

ஓரினத்துக்கே இத்துணை நுட்பம் வேண்டுமெனின், கோடையும் மாரியும் பனியும் மாறி மாறி வரும் கல்கத்தாவிலே, பனிநாட்டு விலங்கையும் வெப்பநாட்டு விலங்கையும் ஒரு வேலிக்குள்ளே காத்தவர் பாடு எத்தகையதாயிருந்திருக்கும்! ஒன்றுக்கு இன்பமான வாடை மற்றொன்றுக்கு நோயாகும். தம் குறிப்புகளைத் தொகுத்து, சிறைப்பட்ட விலங்குகளைப் பேணும் முறைபற்றிய கைந்நூல் ஒன்றைச் சன்யால் 1892 ஆம் ஆண்டு ஆங்கிலத்திலே வெளியிட்டார். பாலூட்டிகளும் பறவைகளுமாக நூற்றுக்கணக்கான இனங்களின் உறைவிடம், உணவு, நோய், மருத்துவம் ஆகியன அதிலே கூறப்பெற்றன. இத்துறையிலே தோன்றிய முதற் கைந்நூல் அதுவே என்பர். இலண்டன் விலங்கியற் கழகம் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றது.

அவரது பேணலுக்குச் சான்றாய் நிற்பது ஒரு பிறப்பு. 1889 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள், கல்கத்தாவின் குளிர்ப் பருவத்திலே, சுமத்திரா நாட்டுக் காண்டாமிருகம் ஒன்று அலிப்பூரிலே கன்று ஈன்றது. வெப்பக் காட்டு விலங்கு அது. அதன்பின், சிறைப்பட்ட அவ்வினத்திலே கருவுற்று ஈன்று பிழைத்த கன்றை உலகம் காண 2001 ஆம் ஆண்டுவரை, 112 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலே அது நிகழ்ந்தது.

1897 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே சொற்பொழிவாற்றிச் சென்ற விவேகானந்த அடிகள், பின்னர் அலிப்பூர்ச் சாலைக்கு நிவேதிதையுடன் சென்றபொழுது, அவர்களை வரவேற்று உபசரித்தவர் சன்யாலே. உயிர்களின் படிமலர்ச்சிபற்றி இருவரும் உரையாடினர். துறவியோடு ஒப்ப அமர்ந்து ஆராயும் புலமை அவருக்குக் கூண்டுகளின் பக்கத்திலே கிட்டியது.

சன்யால் 1908 ஆம் ஆண்டு மறைந்தார். அதே வங்கத்தின் மலையுச்சியிலே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், தார்ச்சிலிங்கு மிருகக்காட்சிச்சாலை 1958 ஆம் ஆண்டு தோன்றியது. குளிர் மிக்க அவ்விடத்திலே திபெத்து ஓநாய்கள் குருளை ஈன்று பெருகின.

விலங்கைச் சிறைப்படுத்தல் அறமோ என்னும் வினா இன்றும் தீர்ந்திலது. சன்யாலால் கூண்டுகளைத் திறந்துவிட இயலவில்லை. ஆயினும், அடைத்தவன் அறியாமையைக் காரணங் காட்டித் தப்புதற்கு அவரது நூல் இடம் வைக்கவில்லை. வீட்டிலே ஆடு, மாடு, கோழி, கிளி வளர்க்கும் நம் மாணவர், இம்மார்கழியிலேனும் ஓர் ஏடு எடுத்து, தாம் அடைத்து வைத்த உயிர் இரவிலே எங்கே ஒடுங்குகின்றது, காலையில் எதனை உண்ணாது விடுகின்றது என எழுதிப் பார்ப்பாராக.